நம் ஊர் விளைச்சலை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

 

மதீனாவில் பழம் கனியத் தொடங்கும் காலத்தில், முதலில் கனிந்ததை மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வருவார்கள். நபியவர்கள் அதைக் கையில் வாங்குவார்கள். அந்த விளைச்சலிலும், அந்த ஊரிலும், அவ்வூரார் அளந்து கொடுக்கும் ஸாஉ, முத் ஆகிய அளவைகளிலும் பரக்கத் செய்யும்படி அல்லாஹ்விடம் துஆ செய்வார்கள். பிறகு அங்கிருக்கும் பிள்ளைகளில் மிகச் சிறிய பிள்ளையை அழைத்து அந்தப் பழத்தைக் கொடுப்பார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. தம் ஊரில் விளைந்ததை நபியவர்கள் சாதாரணம் என்று ஒதுக்கவில்லை. கண்ணியத்தோடு கையில் ஏந்தினார்கள். விளைச்சலுக்கு மட்டும் பரக்கத் கேட்கவில்லை; அதை அளந்து விற்கும் படிக்கும் சேர்த்தே கேட்டார்கள். முதல் கனி ஊரின் பெரிய மனிதருக்குப் போகவில்லை. சிறு பிள்ளைக்குப் போனது.

இதே போன்று ஒரு விளைச்சல் நம் கைக்கு வரும்போது நாம் என்ன செய்கிறோம்? காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு நெல்லும், உளுந்தும், பச்சைப்பயறும், தேங்காயும், கீரையும், மீனும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி நம் வீடுகளில் பேசும் பேச்சு எப்படி இருக்கிறது? இந்த மாதக் குடும்பப் பாடத்தில் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

'ஊர்ச் சாமான்' ஏன் ஒரு படி கீழே போனது?

நம் டெல்டா ஊர்களில் சபர் போகாத குடும்பம் அரிது. பாட்டனார் காலத்தில் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். நம் காலத்தில் துபாய், ஜித்தா, குவைத். சபராளி ஊர் திரும்பினால் பெட்டி திறக்கும் நாள் வீட்டில் பெருநாள் போல இருக்கும். பால்மாவு டின், ஜூஸ் பொடி, பாதாம், பேரீச்சை எல்லாம் அக்கம்பக்கத்துக்குப் பங்கு போகும். பாசத்தோடு கொண்டு வந்து பாசத்தோடு பகிர்வதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டியோடு ஓர் அளவுகோலும் வீட்டுக்குள் வந்துவிட்டது. தூரத்திலிருந்து வந்தது உயர்ந்தது, பக்கத்தில் விளைந்தது சாதாரணம் என்பதே அந்த அளவுகோல். சம்பந்தி வீட்டார் வந்தால் தட்டில் ஆப்பிளும் திராட்சையும் இருக்க வேண்டும். கொல்லையில் பழுத்த கொய்யாவை வைத்தால் வீட்டுப் பெண்களுக்கே சங்கடம். வலீமா விருந்தில் பாஸ்மதி அரிசி போட்டால்தான் மரியாதை. கேழ்வரகும் கம்பும் கூலிக்காரர் சாப்பாடு. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவை மேல்தட்டுக்கு வருகின்றன.

இந்தப் பேச்சு அதிகம் விழுவது ரேஷன் அரிசியின் மேல்தான். 'அது ரேஷன் அரிசி' என்ற ஒரு சொல்லிலேயே அதைச் சாப்பிடுபவரின் தரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அந்த அரிசி எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறோமா? குறுவையும் சம்பாவும் அறுவடையானதும் நம் பக்கத்து ஊர் விவசாயிகள் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை அடுக்கிக் காத்திருப்பதைப் பார்க்கிறோம். 1972ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கும் அந்த நெல்தான் ஆலைக்குப் போய் அரைபட்டு ரேஷன் கடைகளுக்கு வருகிறது. ரேஷன் கடைக்கு வரும் அரிசி எல்லாமே நம் வயலில் விளைந்தது அல்ல. ஆனால் நம் வயல்களில் விளைந்த நெல்லில் பெரும் பங்கு அந்த வழியாகத்தான் மக்களின் உலைக்குப் போகிறது.

சில சமயம் அந்த அரிசியில் வாடை இருக்கும், பழுப்பு இருக்கும், நொய் அதிகமாக இருக்கும். குறை உண்மையென்றால் அதைக் கடையிலும் அதிகாரிகளிடமும் சொல்லித் திருத்தச் செய்ய வேண்டும். அது சேமிப்பிலும் ஆலையிலும் நேர்ந்த குறை. அதற்காக மண்ணையும், விளைவித்தவரையும், சாப்பிடுபவரையும் இழிவாகப் பேசுவது எந்த நியாயம்?

இன்னொரு வதந்தியையும் இங்கே தெளிவுபடுத்துவது நல்லது. ரேஷன் அரிசியில் வெளிர் மஞ்சளாகவோ சற்று வேறு நிறமாகவோ சில அரிசிகள் தனியாகத் தெரியும். ஊறவைத்தால் சில சமயம் மிதக்கும். அதைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். பல வீடுகளில் பொறுக்கியெடுத்து வீசினார்கள். அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவில் செய்த செறிவூட்டப்பட்ட மணி அது. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்பதே கலப்புக் கணக்கு. இரத்தசோகை நம் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் பரவலாக இருப்பதால்தான் அரசு இதைத் தொடங்கியது. தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு உண்ண வேண்டும். கேட்ட செய்தியை விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்ற குர்ஆனின் கட்டளை (49:6) அரிசி விஷயத்துக்கும் பொருந்தும்.

புழுங்கலரிசி சொல்லும் பாடம்

பழையதெல்லாம் மட்டம் என்று ஒதுக்குவதற்கு முன், நம் முன்னோர் போய் உழைத்த மலாயாவில் நடந்த ஒரு செய்தியைக் கேளுங்கள்.

1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. அங்கே பணியாற்றிய பிராட்டன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் அதிகம். ஊர் வழக்கப்படி புழுங்கலரிசியை உண்ட தமிழரிடையே மிகவும் குறைவு. ஏறத்தாழ அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், ஒரு பகுதியினருக்கு வெள்ளைப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடம் பெரிபெரி பரவியது. புழுங்கலரிசி உண்டவர்களிடம் அப்படிப் பரவவில்லை.

விளக்கம் பின்னால் கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது. பச்சையாகவே அரைத்துத் தீட்டினால் தவிட்டோடு எல்லாம் போய்விடுகிறது.

நம் பாட்டிமார்கள் இந்த வேதியியலைப் படிக்கவில்லை. கைப்பக்குவமாக வந்த வழக்கம் அது. அந்த வழக்கம் கடல் கடந்தும் உயிரைக் காத்தது. இன்று சோறு மல்லிகைப்பூப் போல வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஆலைக்காரரை இன்னும் இன்னும் தீட்டச் செய்கிறோம். கடைக்காரர் நாம் கேட்பதைத்தான் விற்பார்.

மறுபக்கம்: புகழ்வதிலும் அளவு வேண்டும்

இகழ்ச்சிக்கு நேர் எதிராக, அண்மைக் காலத்தில் வேறொரு மனப்பான்மை வளர்ந்து வருகிறது. 'நாட்டு', 'மரபு', 'ஆர்கானிக்' என்ற சொல் பையில் இருந்தால் போதும், எந்த விலையும் கொடுக்கலாம், எந்த நோயும் தீரும் என்ற எண்ணம் அது.

இந்த விழிப்பின் நல்ல பக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன் அவர்கள், மறைந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் ரகங்களை ஊர் ஊராகத் தேடி, 170க்கும் மேற்பட்டவற்றை மீட்டார். விதைத் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை பெற்றவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரும் ஏற்பாட்டைச் செய்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் என்ற பெயர்கள் மீண்டும் மக்கள் நாவில் இருந்தன. ஒருவர் தன் ஊரின் விதையை மதித்ததால் வந்த நன்மை இது.

அதேசமயம் சில உண்மைகளை மறக்கக் கூடாது.

ஒன்று, உள்ளூரில் விளைந்தது என்பதாலேயே அது நஞ்சில்லாதது ஆகிவிடாது. மருந்து தெளிப்பவர் உள்ளூரிலும் இருக்கிறார். அதில் நமக்கும் பங்கு உண்டு. ஒரு சொத்தை இருந்தாலும் கத்திரிக்காயைத் தூக்கிப் போட்டுவிட்டு, பளபளப்பாக இருப்பதையே பொறுக்குகிறோம். அந்தப் பளபளப்புக்காக அவர் இன்னொரு முறை மருந்தடிக்கிறார். பிறகு 'எல்லாம் மருந்து' என்று வீட்டில் குறைபடுகிறோம்.

இரண்டு, பையின் மேல் அச்சிட்டிருக்கும் ஊர் பெரும்பாலும் அரிசியை அரைத்த ஆலையின் ஊர் அல்லது பொதிந்த நிறுவனத்தின் ஊர். நெல் எங்கே விளைந்தது என்பதை அது சொல்லாது. பையில் அடைத்து ஆர்கானிக் என்று விற்பவரிடம் அதற்குரிய சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தன் விளைச்சலைத் தானே நேரில் விற்கும் சிறு விவசாயிக்கு இதில் தளர்வு உண்டு. அவரிடம் முத்திரையைக் கேட்பதைவிட வயலைப் போய்ப் பார்ப்பது மேல்.

மூன்று, 'நம்முடையது' என்று நாம் நினைக்கும் பலவும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்தவைதாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லும் வெள்ளைப் பொன்னிக்கு மூலம், மலாயாவில் 1960களில் வெளியான மஹ்சூரி என்ற நெல். நம் பாட்டனார் போன ஊரிலிருந்து நெல்லும் சபர் வந்திருக்கிறது! எனவே வெளியிலிருந்து வந்தது எல்லாம் கெட்டது என்பதும் அறியாமையே. மதீனாவின் பேரீச்சையை நாம் நேசித்து உண்கிறோம். அது அந்த ஊரின் உள்ளூர் விளைச்சல். அவர்கள் ஊரின் விளைச்சலைக் கண்ணியப்படுத்தத் தெரிந்த நமக்கு, நம் ஊரின் விளைச்சலையும் கண்ணியப்படுத்தத் தெரிய வேண்டும் என்பதே இங்கு பேச்சு.

மார்க்கம் காட்டும் வழி

முதலாவது, உணவைக் குறை சொல்லாமை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விருப்பம் இருந்தால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வீட்டில் காடியைத் தவிர வேறு தொடுகறி இல்லாத நாளில் அதையே நல்ல தொடுகறி என்று பாராட்டி உண்டதாக முஸ்லிமில் இன்னொரு செய்தி உண்டு. பிடிக்காததை உண்ண வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இகழ்வதைத்தான் விலக்கினார்கள். கேழ்வரகுக் களி உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு ஸுன்னத்தில் இடமில்லை.

இரண்டாவது, ஊரின் உணவுக்கு மார்க்கம் தந்த இடம். நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ராவை நபியவர்கள் காலத்தில் பேரீச்சையிலும் வாற்கோதுமையிலும் ஒரு ஸாஉ கொடுத்தார்கள். அவை அவ்வூரின் அன்றாட உணவுகள். ஷாஃபிஈ மத்ஹபில், எந்த ஊரில் எது பெரும்பாலோரின் முக்கிய உணவோ அதிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; நம் நாட்டில் அது அரிசி. ஹனஃபி மத்ஹபில் அதன் மதிப்பைப் பணமாகவும் கொடுக்கலாம். ஒரு பெரிய வணக்கத்தின் அளவையே ஊரின் சாதாரண உணவோடு ஷரீஅத் சேர்த்து வைத்திருக்கும்போது, அந்தச் சாதாரண உணவை நாம் எப்படி அற்பமாக நினைக்க முடியும்?

மூன்றாவது, விதைப்பவரின் சிறப்பு. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபியவர்கள் அறிவித்ததைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். 'வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விற்றுவிட்டு ஊரில் கடை கட்டலாம்' என்று பேசும் நம் இளைஞர்கள் இந்த நன்மையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, விளைவிப்பவர் யாராக இருந்தாலும் நேர்மையான கொடுக்கல் வாங்கல். நம் வயல்களில் நடவு நடுபவர்களும் களை எடுப்பவர்களும் பெரும்பாலும் பிற சமயச் சகோதரிகளே. நபியவர்கள் தம் குடும்பத்துக்காக வாற்கோதுமையை மதீனாவின் யூதர் ஒருவரிடம் கடனாக வாங்கி, தம் போர்க்கவசத்தை அடைமானம் வைத்திருந்தார்கள். தானியத்திலும் காய்கறியிலும் விற்பவரின் மதம் பார்ப்பது நம் வழி அல்ல. மதம் பார்த்து வாங்கச் சொல்லும் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நம் பதில் இதுதான்.

ஐந்தாவது, விவசாயியின் நெருக்கடியைப் பயன்படுத்தாமை. கிராமத்திலிருந்து சரக்கோடு வருபவர் சந்தைக்கு வந்து விலை அறிவதற்கு முன், வழியிலேயே மறித்து வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். இன்று நம் கண்ணெதிரில் நடப்பது என்ன? கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை நாளில் நெல் காயாது. தளர்வு அறிவிக்கும்வரை சாலையோரத்தில் தார்ப்பாய் போட்டுக் காத்துக் கிடப்பார்கள். கடன்காரன் நெருக்குவான். அந்த நேரம் பார்த்துக் களத்துக்கே போய்க் குறைந்த விலைக்குக் கேட்கும் வியாபாரி நம்மவராக இருந்தால், அவர் அந்த ஹதீஸைத் திரும்பப் படிக்க வேண்டும்.

அதேபோல, பழம் தேறுமா என்று தெரியும் முன்பே மரத்துக் காய்ப்பை விற்பதும், வரும் ஆண்டுகளின் காய்ப்பைச் சேர்த்து விற்பதும் ஹதீஸில் தடுக்கப்பட்டவை. 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. இன்னும் காய்க்காத காய்க்குப் பணம் கைமாறியிருந்தால் அந்த நஷ்டம் யாருடையது? தடையின் ஹிக்மத் அந்த ஒரு இரவில் விளங்கிவிடும். தென்னை, மாந்தோப்புக் குத்தகை எழுதுவோர் ஆலிம்களிடம் முறையைக் கேட்டு எழுதுங்கள்.

ஆறாவது, விற்பவரின் கடமை. நபியவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். தீட்டாத அரிசி என்று சொல்லித் தீட்டிய அரிசியை விற்பதும், பண்ணை முட்டைக்கு நிறம் ஏற்றி நாட்டுக்கோழி முட்டை என்பதும், தடை செய்யப்பட்ட கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கச் செய்து 'மரத்தில் பழுத்தது' என்பதும் அந்த ஈரத் தானியத்தின் இன்றைய வடிவங்கள்தாம்.

ஏழாவது, அறுவடை நாளின் உரிமை. விளைச்சலை உண்ணுங்கள், அறுவடை நாளில் அதன் கடமையைக் கொடுத்துவிடுங்கள், வீண் செய்யாதீர்கள் என்ற கருத்தில் குர்ஆன் (6:141) பேசுகிறது. மழை போன்ற இயற்கை நீரில் விளைந்தால் பத்தில் ஒன்று. உழைத்துச் செலவு செய்து இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று. ஆற்றுநீரும் மோட்டாரும் கலந்த நம் பாசனத்துக்கு எந்தக் கணக்கு, எந்த அளவிலிருந்து கடமை என்பதில் மத்ஹபுகளிடையே விவரங்கள் உண்டு, இமாமிடம் கேளுங்கள். தங்கத்துக்கு ஜகாத் கணக்கிடும் பல வீடுகளில் நெல்லுக்கான கணக்கு அடியோடு மறந்துபோயிருக்கிறது.

அறக்கட்டளையின் முடிவும் அதன் காரணமும்

ரமளான் தொகுப்பில் எந்த அரிசி போடுவது என்ற கேள்வி நம் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும். 'பக்கத்து ஆலைப் புழுங்கலரிசி போதும், செலவு குறையும்' என்று ஒரு கருத்து. 'ஏழைகள் என்பதற்காக ஊர் அரிசியைத் தள்ளிவிட்டார்கள் என்று மனம் வருந்துவார்கள், பெயர் பெற்ற கம்பெனி அரிசியே கொடுப்போம்' என்று ஒரு கருத்து. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: ஊர் அரிசி என்றால் மட்டம்.

பூமியிலிருந்து அல்லாஹ் வெளிப்படுத்தியவற்றில் நல்லவற்றைச் செலவிடச் சொல்லும் வசனம் (2:267), கண்ணை மூடிக்கொண்டால் தவிர நீங்களே வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமானதைத் தர்மத்துக்கு ஒதுக்காதீர்கள் என்றும் சொல்கிறது. இதுவே நமக்கு அளவுகோல். மலிவு என்பதற்காக ஊர் அரிசியைப் போட்டால் அது வாங்குபவருக்கும் அவமதிப்பு, விளைவித்தவருக்கும் அவமதிப்பு. நல்ல அரிசி என்பதற்காக, நிர்வாகிகள் வீட்டிலும் உலையில் போடும் அதே அரிசியைக் கொடுத்தால் அது பகிர்வு.

எனவே வரும் ரமளான் தொகுப்புக்கு இப்படி முடிவாகியுள்ளது. அரிசி, உளுந்து, பச்சைப்பயறு மூன்றும் இப்பகுதி விவசாயிகளிடம் இயன்றவரை நேரில், அன்றைய சந்தை விலைக்குக் குறையாமல் வாங்கப்படும். நிர்வாகிகள் தம் வீட்டில் சமைத்துப் பார்த்த பிறகே மூட்டை ஏற்கப்படும். சமையல் எண்ணெயிலும் துவரம்பருப்பிலும் நாடே பெருமளவு இறக்குமதியை நம்பியிருக்கும் நிலையில், அவற்றை வழக்கம் போலக் கடையிலேயே வாங்குவோம். செய்ய முடியாததை வாக்களிக்க வேண்டாம். தொகுப்பு பெறும் குடும்பங்கள் தரத்தில் குறை கண்டால் தயங்காமல் அலுவலகத்தில் சொல்லலாம். மாற்றித் தருவது நம் கடமை.

இதற்கு நம் பள்ளிவாசலிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. நோன்புக் கஞ்சியில் என்ன இருக்கிறது? நொய் அரிசி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, கொத்துமல்லி, கொஞ்சம் கறி. பெரும்பாலும் நம் மண்ணில் விளைபவை. ஜமாஅத் தலைவரும் சுமை தூக்கும் பாயும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே அண்டாவிலிருந்து குடிக்கிறார்கள். அங்கே யாரும் அதை 'ஊர்ச் சாமான்' என்று சொல்வதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ரமளான் வந்தால் ஏங்குவதும் அந்தக் கஞ்சிக்குத்தான். எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடத்தில் அந்த உணவின் மரியாதை தானாகவே உயர்ந்துவிடுகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

- கீரை, காய், மீன் கொண்டுவரும் சகோதரிகளிடம் ஐந்து ரூபாய்க்காக மல்லுக்கட்டாதீர்கள். பெரிய கடையில் அச்சிட்ட விலைக்குப் பேசாமல் பணம் கட்டுகிறோம். தெருவில் மட்டும் நாவு நீள்கிறது. வாங்கும்போதும் விற்கும்போதும் தாராளமாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள் நபியவர்கள்.
- பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் வாரம் ஒருமுறையாவது போங்கள். 1999ல் மதுரையில் முதலாவது சந்தை தொடங்கியதே, இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரில் விற்க வேண்டும் என்பதற்காகத்தான்.
- பிள்ளைகளை ஒரு நாள் நடவுக்கோ அறுவடைக்கோ அழைத்துப் போய்க் காட்டுங்கள். சம்பா கதிர் நிற்கும்போதே, அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கையில், அந்த ஈரத்தில் உளுந்து தெளிப்பதைப் பார்த்த பிள்ளை தட்டில் இட்லியை மீதம் வைக்காது.
- விருந்தில் எந்த அரிசி என்பதைவிட, எவ்வளவு வீணாகிறது, யாரை அழைக்கவில்லை என்று பாருங்கள். செல்வரை அழைத்து ஏழையை விட்ட வலீமாவின் உணவே மோசமான உணவு என்று ஹதீஸ் சொல்கிறது. அரிசியின் பெயரை அது கேட்கவில்லை.
- நிலம் உள்ளவர்கள் குத்தகைக்காரருடன் உட்கார்ந்து, கடமையான தானிய ஜகாத்தை யார், எவ்வளவு கொடுப்பது என்று இமாம் முன்னிலையில் பேசி முடியுங்கள்.

குடும்பத்தோடு பேச

1. நம் வீட்டில் இன்று சமைத்தவற்றில் எவை இந்த மாவட்டத்தில் விளைந்தவை? எவை எங்கிருந்து வந்தவை என்றே தெரியாதவை?
2. விருந்தாளிக்கு முன் வைக்க நாம் வெட்கப்படும் உணவு எது? அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது?
3. நாம் தர்மமாகக் கொடுக்கும் அரிசியும் நாம் உண்ணும் அரிசியும் ஒன்றா?
4. கடந்த அறுவடையில் நம் நிலத்துக்குரிய கடமையைக் கொடுத்தோமா?

மூன்றாவது கேள்வியைப் பெரியவர்கள் முதலில் தமக்குள் கேட்டுக்கொண்டு, பிறகு பிள்ளைகள் முன் வைப்பது நல்லது.

யா அல்லாஹ்! எங்கள் வயல்களிலும், எங்கள் ஊரிலும், எங்கள் அளவையிலும் நிறுவையிலும் பரக்கத் செய்வாயாக. விளைவிப்பவரின் உழைப்பை வீணாக்காத கைகளையும், நீ தந்ததை இகழாத நாவையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

— செயலாளர்